அரை மணி நேரச் சூரியன்

கதவைத் திறந்த பெரியவர் வணக்கம் சொல்லவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த டார்ச்சை நேராக ரேடியோவின் முகத்தில் அடித்தார்.

காலை வெயில் வாசற்படி வரைக்கும் வந்திருந்த நேரம். அந்த வெயிலையும் மீறி ரேடியோவுக்குக் கண் கூசித் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பெரியவர், பிள்ளையை விருந்தாளி முன்னால் பாடச் சொன்ன தகப்பனின் பெருமையோடு.

"பிரமாதம் சார். இனிமே எனக்குக் கண்ணு எதுக்கு, வித்துடலாம்," என்றான் ரேடியோ, கதவு நிலையைத் தடவிப் பிடித்தபடி.

வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பேர். அவன் பின்னால் நின்ற அவனுடைய முதலாளியம்மாவை ஊரே 'சந்தேகம்' என்றுதான் சொல்லும். காப்பீட்டுக் கம்பெனியில் பொய் நஷ்ட ஈடு கேட்டு வருபவர்களைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். எரியாத கடை எரிந்ததாகவும், வாங்காத காரைத் திருடிவிட்டார்கள் என்றும் சொன்னவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால்கூட, ஏன் கேட்கிறார் என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். இப்போது ஒரு தையல் கடைக்கு மேல் மாடி அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். ரேடியோவுக்கு மட்டும் அவள் அக்கா.

முந்தின நாள் அந்த மாடி அறைக்கு வந்தவள் இந்தப் பெரியவரின் மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். அழுதுகொண்டு வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"எங்க அம்மாவோட முத்துமாலை காணாமப் போச்சு. அம்மா சாகறதுக்கு முன்னாடி அது எனக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போனது. போன வாரம் சாயங்காலம் கரண்ட் போன நேரத்துல மாடி பீரோவிலிருந்து யாரோ எடுத்துட்டாங்க. எடுத்தது என் புருஷன்தான்னு அப்பா சொல்றார். டார்ச் வெளிச்சத்துல கண்ணால பாத்தாராம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள மாலையைக் கொண்டுவந்து வைக்கலைன்னா போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன்னு நிக்கிறார்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் சந்தேகம்.

"அவர் கார் ஓட்டச் சொல்லித் தர்றவர். அன்னிக்கி கத்துக்க வர்ற பொண்ணு வரல. காரை ஓரமா நிறுத்திட்டு உள்ளேயே தூங்கிட்டார். தூங்கினதுக்கு யார் சாட்சி சொல்லுவாங்க? கேஸ்னு ஒண்ணு வந்தாலே டிரைவிங் ஸ்கூல்ல வேலையை விட்டு எடுத்துடுவாங்க. அவரு தப்பு செஞ்சிருந்தா நானே போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்திருப்பேன். செய்யல."

அந்தச் சாயங்காலக் கெடு இன்றைக்கு. அதனால்தான் காலையிலேயே இவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

பெரியவர் ஒரு பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே டார்ச் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தில் அவருக்கு 'வெளிச்சம் சார்' என்று பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். அவருக்கு அது கேலி என்று தெரியாததால் நிலைத்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்ன அறை முழுக்க டார்ச். தலை வேறு உடல் வேறாகக் கிடந்தவை பாதி. மேஜையில் கம்பியைப் பற்றவைக்கும் சால்டரிங் கோல், கம்பித் துண்டுகள், தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்திய பல்புகள்.

"உட்காருங்க. இது சாதாரண மூணு செல் டார்ச்," என்று பாடத்தைத் தொடங்கினார். "கடையில வாங்கினா நாலரை வோல்ட். மஞ்சளா அழும். நான் அந்த மூணு செல்லையும் தூக்கிட்டு ரெண்டு லித்தியம் செல் போட்டேன். மிச்ச இடத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு. எட்டு வோல்ட்! அதுக்குத் தகுந்த ஹாலோஜன் பல்ப். தெருக்கோடி மரத்துல இலையை எண்ணலாம்."

"எண்ணினீங்களா சார்?" என்றான் ரேடியோ.

"என்ன?"

"இல்ல, எவ்வளவு இலைன்னு..."

சந்தேகம் அவன் காலை மிதித்தாள். "அன்னிக்கி நடந்ததைச் சொல்லுங்க சார்."

அவர் எழுந்தே நின்றுகொண்டார். "சாயங்காலம் இருட்டிக்கிட்டு வர்ற நேரம். வீட்ல நான் மட்டும். என் பையன் ஜிம்முக்குப் போயிருந்தான். கரண்ட் போச்சு. மாடியில பீரோ திறக்கற சத்தம். இந்த டார்ச்சை எடுத்துக்கிட்டுப் படிக்குக் கீழே வந்து மேலே அடிச்சேன். பட்டப்பகல் மாதிரி! பீரோகிட்ட நிக்கறான் அந்த ஸ்டியரிங்."

மாப்பிள்ளையைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

"அப்புறம்?"

"பின்பக்கப் படியில இறங்கி ஓடினான். நான் விடல. வெளிச்சத்தாலயே துரத்தினேன். கேட் வரைக்கும். அதுக்கப்புறமும் அணைக்கல. திரும்ப வந்தாலும் வருவான்னு, கரண்ட் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் இதை கேட் மேலேயே அடிச்சுக்கிட்டு அசையாம நின்னேன்."

"இதே டார்ச்?"

"இதே டார்ச்."

"இதே பல்ப்?"

"இதே பல்ப், இதே செல். என் கை படாம ஒரு திருகுகூட மாறாது."

சந்தேகம் டார்ச்சைக் கையில் வாங்கினாள். தலைப்பக்கக் கண்ணாடியை நகத்தால் தட்டினாள். டக் டக் என்றது, பிளாஸ்டிக். உள்ளே குழிந்து பளபளத்த கிண்ணமும் பிளாஸ்டிக்தான். புது ஸ்பூன் போல ஒரு கீறல் இல்லை. ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் முகத்தில் பக்தி தெரிந்தது. அக்கா முகத்தில் பக்தி தெரிந்தால் யாரோ ஒருவருக்கு நேரம் சரியில்லை என்று ரேடியோவுக்குத் தெரியும்.

"சார், ஒரு ஆசை," என்றாள். "அன்னிக்கி நின்ன மாதிரியே ஒரு தடவை நின்னு காட்டுங்களேன். அதே அரை மணி நேரம்."

"தாராளமா!"

பெரியவர் கூடத்தின் நடுவில் கால்களை அகட்டி நின்று எதிர்ச் சுவரில் அடித்தார். சுவர் சுண்ணாம்பு போல வெளுத்தது. ரேடியோ கைதட்டினான். பெரியவர் தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

முதலில் கொஞ்ச நேரம் வோல்ட் பற்றிப் பேசினார். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு டார்ச்சை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். மறுபடி வலது கைக்கு. வேட்டி நுனியால் பிடித்துக்கொண்டார். கூடத்தில் ஒரு வாசனை எழுந்தது. பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்த மாதிரி.

"யாரோ குப்பை எரிக்கறாங்க," என்றார் பெரியவர்.

"ஆமா சார், ரொம்பப் பக்கத்துல," என்றான் ரேடியோ.

வட்டமாக இருந்த வெளிச்சம் முட்டை வடிவமாயிற்று. முட்டை நெளிந்து கத்தரிக்காய் ஆயிற்று. டார்ச்சின் தலையிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. பெரியவர் பொத்தானைத் தேடினார்.

"அணைக்காதீங்க சார். இன்னும் அரை மணி ஆகலையே. அஞ்சு நிமிஷம்கூட ஆகல," என்றாள் சந்தேகம் மிகுந்த மரியாதையோடு.

பெரியவர் "உஸ்!" என்று டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு விரல்களை வாயில் வைத்துக்கொண்டார். தரையில் உருண்ட டார்ச் தன்னாலேயே அணைந்தது. முன்கண்ணாடி நடுவில் குழிந்து, பளபளத்த கிண்ணத்தில் ஒரு பக்கம் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"இந்தப் பல்பு சூட்டுக்கு இந்தப் பிளாஸ்டிக் இவ்வளவுதான் தாங்கும்," என்றாள் சந்தேகம். "அன்னிக்கி அரை மணி எரிஞ்சிருந்தா, இன்னிக்கி நான் பாத்தப்போ அது புதுசு மாதிரி மின்னியிருக்காது. அன்னிக்கி இது எரியவே இல்ல. இல்லையா சார்?"

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று அவர்களைச் சின்ன அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"கொஞ்ச நேரம் எரிஞ்சுது," என்றார் தாழ்ந்த குரலில்.

ரேடியோ அதற்குள் மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தான். கூடையின் அடியில், காகிதத்தில் சுற்றி, அதன் மேல் இன்னொரு காகிதம் சுற்றி ஒரு பல்ப் இருந்தது. உள்ளே புகைக் கறுப்பு. "சார், இதுக்கு இவ்வளவு அலங்காரம் பண்ணி அடக்கம் பண்ணியிருக்கீங்களே, நெருங்கின சொந்தமா?"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சோபாவில் உட்காருவது போல அல்ல, குற்றவாளிக் கூண்டில் உட்காருவது போல.

"புது செல்லை மாத்தினேன். பல்பை மாத்த மறந்துட்டேன். நாலரை வோல்ட் பல்புக்கு எட்டு வோல்ட்..." குரல் இன்னும் இறங்கியது. "படிக்குக் கீழே வந்து பொத்தானை அமுக்கினேன். பளிச்சுன்னு ஒரே ஒரு மின்னல். போச்சு. அப்புறம் சுவரைத் தடவித் தடவி வந்து இங்கே உட்கார்ந்துட்டேன். மறுநாள்தான் ஹாலோஜன் போட்டேன்."

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. சொல்வேனா? கொள்முதல் தலைவரா இருந்தவன் நான். சின்னப் பசங்க பண்ற தப்பு இது!"

"உங்க பையன்கிட்டகூடவா?"

"அவன்கிட்டத்தான் முக்கியமா சொல்லக்கூடாது. ஏற்கெனவே சிரிக்கறான்." பிறகு நிமிர்ந்தார். "ஆனா அந்த ஒரு மின்னல்ல பாத்தேன். அவன்தான். உயரம் அதே உயரம்."

"மின்னல்ல உயரம் அளந்திருக்கார் அக்கா," என்றான் ரேடியோ. இந்த முறை அவள் அவன் காலை மிதிக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு முன் குடும்பம் கூடியது. மகள் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை வந்து, உட்கார் என்று யாரும் சொல்லாததால் நின்றான். பக்கத்து சீட்டில் கற்றுக்கொள்பவர் தப்பான கியரைப் போட்டாலும் கோபப்படாமல் பழகிய முகம் அவனுக்கு. கடைசியாக மாடியிலிருந்து இறங்கி வந்தார் பெரியவரின் மகன். தொழில் கன்சல்டன்ட். எதற்கு என்று கேட்டால் 'கம்பெனிகளுக்கு' என்பார். எந்தக் கம்பெனி என்று இதுவரை எந்தக் கம்பெனிக்கும் தெரியாது. தோளில் ஜிம் பை.

"சீக்கிரம் முடிங்க மேடம். எனக்கு நேரமாகுது," என்றார்.

"உங்க அப்பா சொன்னது அத்தனையும் சரியா இருக்கு," என்றாள் சந்தேகம். மகளின் முகம் கறுத்தது. பெரியவர் மூச்சு விட்டார். "ஒரே ஒரு தடவை நடிச்சுப் பாத்துட்டா போலீஸ்ல எழுதிக் கொடுத்துடலாம். திருடன் நின்ன இடத்துல யாராவது நிக்கணும். மாப்பிள்ளையை நிக்க வெச்சா பாவம், கை கால் உதறும். நீங்க நிக்கறீங்களா?"

"நானா? ஓ, நிக்கறேனே!" என்று சிரித்தார் கன்சல்டன்ட். மாடியேறிப் பீரோ பக்கம் போய் நின்றார்.

ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். வீடு இருண்டது. சந்தேகம் மேலே பாதிப் படியில், விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பழைய டார்ச் கருகிவிட்டதால் ரேடியோ சின்ன அறைக்குள் போய் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து பெரியவர் கையில் கொடுத்தான். அதில் இரண்டு லித்தியம் செல் இருந்தது. பித்தளைத் துண்டும் இருந்தது. ஹாலோஜன் பல்ப் மட்டும் ரேடியோவின் சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பதில் அவன் என்ன போட்டிருந்தான் என்பது பெரியவருக்குத் தெரியாது.

"அடிங்க சார்!"

பெரியவர் பொத்தானை அமுக்கினார். பளிச்! வீடு முழுக்க ஒரு கணம் வெளுத்தது. 'பட்' என்று ஒரு சத்தம். இருட்டு.

"ஐயோ!" என்றாள் மகள்.

"மாமா! கையில பட்டுச்சா? அப்படியே நில்லுங்க, நகராதீங்க!" என்று மாப்பிள்ளை இருட்டில் ஓடிவந்து நாற்காலியில் மோதினான்.

ரேடியோ தன் பங்குக்கு, தான்தான் மாற்றி வைத்தவன் என்பதையும் மறந்து, "அம்மா!" என்று கத்தினான்.

மாடியிலிருந்து மட்டும் ஒரு சிரிப்பு வந்தது.

"என்னப்பா, மறுபடியுமா?"

சந்தேகம் விளக்கைப் போட்டாள்.

"மறுபடியும்னா?" என்றாள்.

கன்சல்டன்ட் படி உச்சியில் நின்றிருந்தார். சிரிப்பு உதட்டில் பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

"உங்க அப்பா ஊரெல்லாம் சொன்னது அரை மணி நேரம் எரிஞ்ச டார்ச்சைப் பத்தி. அது ஒரு தடவை பளிச்சுன்னு அடிச்சு அணைஞ்சு போனது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர், கீழே நின்னு அமுக்கினவர். இன்னொருத்தர், மேலே பீரோகிட்ட நின்னவர். நீங்க அப்போ ஜிம்ல இருந்தீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும் மறுபடியும்னு?"

எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர் பெரியவர்தான். அவர் முகத்தில் கணக்கு ஓடியதை ரேடியோ பக்கத்தில் நின்று பார்த்தான். பெரியவர் வாயைத் திறந்தார்.

"நான்தான் சொன்னேன்! மறுநாள் காலையில நானே அவன்கிட்ட விவரமா சொன்னேன்!"

அதே நேரத்தில் மேலேயிருந்து மகன் கத்தினார். "யாரும் சொல்லல! அவர் டார்ச் தினமும் வெடிக்கும், எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே!"

இரண்டு பொய்யும் படிக்கட்டின் நடுவில் முட்டிக்கொண்டு விழுந்தன.

"ரெண்டு பேரும் கலந்து பேசிட்டு வாங்க. நாங்க வெளியே இருக்கோம்," என்றான் ரேடியோ.

கன்சல்டன்ட் விறுவிறுவென்று இறங்கினார். "இந்தப் பைத்தியக்கார விசாரணைக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல." வாசலை நோக்கி நடந்தவரின் தோளிலிருந்து ஜிம் பையைப் பிடித்து இழுத்தாள் தங்கை. அவர் பையை விடாமல் இழுக்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுக்க, ஜிப் பிளந்து எல்லாம் கூடத்தில் கொட்டியது. ஷூ, துண்டு, புரதப் பவுடர் டப்பா. டப்பா உருண்டு மூடி கழன்றது. கொட்டிய வெள்ளை மாவிலிருந்து முத்துமாலை தலை நீட்டியது.

"அது இந்த வீட்டுச் சொத்து!" என்றார் கன்சல்டன்ட். குரல் கீச்சிட்டது. "கட்டிக்கொடுத்த பொண்ணு வெளியே கொண்டுபோறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? அம்மாவுக்கு என்ன தெரியும்?"

தங்கை மாலையை எடுத்து, துப்பட்டாவால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்தாள். பிறகு அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா. நான் தினமும் கண்ணு பாக்கறவ. இருட்டுல அப்படி ஒரு வெளிச்சம் அடிச்சு அணைஞ்சா என்ன தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. அன்னிக்கி என் புருஷனைப் பாத்தீங்களா?"

பெரியவர் மகனைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் அவருடைய விரல் நுனியில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பச்சையா ஒரு வட்டம்தான் தெரிஞ்சுது," என்றார். "ரொம்ப நேரம் அதுதான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அவர் பேரைச் சொன்னீங்க?"

"யாரைப் பாத்தேன்னு எல்லாரும் கேட்டாங்க. இவ்வளவு பெரிய டார்ச்சை வெச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியலைன்னு எப்படிம்மா சொல்றது?"

ரேடியோவுக்கு ஏழெட்டு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினான். ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு பல்ப் போனதே போதுமாக இருந்திருக்கிறது.

மகள் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "வாங்க, போலாம்," என்றாள் கணவனிடம்.

அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான். "விரல்ல தண்ணி விட்டுக்கிட்டே இருங்க மாமா. கொப்புளம் வராது." அவ்வளவுதான் சொன்னான். பெரியவர் திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சுருங்கியிருக்க மாட்டார் என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

சந்தேகமும் ரேடியோவும் தெருவுக்கு வந்து நாலு வீடு தாண்டியிருப்பார்கள். பின்னால் செருப்பு இழுபடும் சத்தம். பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்து ரேடியோவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, ஒரு உதவி. அக்கம்பக்கத்துல கேப்பாங்க. உங்க வாய் வேற சும்மா இருக்காதுன்னு தெரியுது."

"சார், உங்க பையன் விஷயம்தானே? நான் எதுக்கு சார்..."

"பையன் விஷயம் எப்படியும் வெளியே வந்துடும். அது போகட்டும்." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பல்பை மாத்த மறந்தேன் பாருங்க, அது மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பெரியவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காரியம் முடிந்த நிம்மதியோடு திரும்பி நடந்தார்.

அங்கே எதிரே இருந்த வீட்டு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, வெளிச்சம் சார் வீட்ல என்ன சத்தம்? என்ன ஆச்சு?"

ரேடியோ அக்காவைப் பார்த்தான். பொதுவாக இந்த இடத்தில் அவள் அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு நிழலாகப் பார்த்து ஒரு சுவரில் சாய்ந்து, கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் வரக்கூடாது," என்றாள். "பல்பு கதையை மட்டும் சொல்லு. நிதானமா, ஒண்ணு விடாம சொல்லு. நான் இருக்கேன்."